பிளம் மரத்தடியில் அண்ணாவின் மரண அறிவித்தல்

எனக்குக் கோபம் வருவது குறைவு. வருவதெல்லாம் பயம்தான். காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினால், பாதிப் படியில் அடுப்பை நிறுத்தினேனா என்று பயம் வரும். திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பேன். நிறுத்தித்தான் இருக்கும். தெருவுக்கு வந்ததும் பைக்குள் பெர்மெஸ்ஸோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இந்த நாட்டில் இருக்கலாம் என்று இவர்கள் தருகிற அட்டைதான் அது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் காலத்தில், கொடுத்ததற்கான துண்டைத் தடவுவேன். "நீர் சந்தோசமாய் இருக்கிற நாளிலயும், ஏன் சந்தோசமாய் இருக்கிறன் எண்டு கவலைப்படுவீர்" என்பார் என் மனுசன். அப்படிப்பட்ட எனக்கு இந்த வருடம் ஒரு கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் எழுதுகிறது. வசனத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பிழை இல்லை.

நான் வேலை செய்கிற வீடு இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில், கடற்பக்கம். பழைய மாளிகை ஒன்றைத் திருத்திப் பிரித்துக் கொடுத்த வீடுகளில் மேல்வீடு. வீட்டுக்கார அம்மா, நான் சினோரா என்று கூப்பிடுகிறவர், தனியாக இருக்கிறார். ஓவியர். நான் போய்ச் சமைத்து, துடைத்து, துணி மினுக்கி வைப்பேன். மொட்டை மாடியை ஒட்டிய பெரிய அறையில் அவர் வரைவார். அந்த அறையில் மட்டும் அவர் இருக்கும்போது நான் தும்புத்தடியைக் கொண்டுபோகக் கூடாது.

அவர் சிசிலிக்காரி. யப்பானுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் வரைவது முழுக்க யப்பான். விசிறி, நாரை, கடதாசிக் குடை, கிமோனோ போட்ட பெண்களின் முதுகு. முகம் வரைய மாட்டார், எப்போதும் முதுகுதான். அறை முழுக்கத் தடித்த புத்தகங்கள். அவற்றில் இருப்பவர்களும் யப்பான்காரர் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு, அதற்கும் முந்தி, பிரான்சிலும் மற்ற இடங்களிலும் இருந்த ஓவியர்கள். யப்பானிலிருந்து அச்சுப் படங்கள் கப்பலில் வந்து இறங்க, அவற்றைப் பார்த்து மயங்கிப் போனார்களாம். சுவரெல்லாம் விசிறி குத்தினார்களாம். தங்கள் பெண்சாதிகளுக்குக் கிமோனோ போட்டு நிற்பாட்டி வரைந்தார்களாம். சினோரா பக்கம் புரட்டிப் புரட்டி எனக்குக் காட்டியிருக்கிறார். யப்பான்காரன் வரைந்ததைப் பார்த்துப் பிரான்ஸ்காரன் வரைந்தான், அவன் வரைந்ததைப் பார்த்து இவர் வரைகிறார். ஒருதரம் போட்ட தேயிலைச் சாயத்தில் திரும்பத் திரும்பச் சுடுதண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். கோபத்துக்காகப் பொய் சொல்லக் கூடாது. ஒரு கிளை சட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும், மிச்ச மரம் வெளியே எங்கேயோ நிற்கிறது என்று மனம் நினைத்துக்கொள்ளும். தூசு தட்டும்போது நான் அவற்றின் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றிருக்கிறேன்.

மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் என் அண்ணா செத்துப்போனார். மினிபஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, சாரத்தை மாற்றிக்கொண்டு, தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அது ஆற்றி வருவதற்குள் போய்விட்டார். என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். அந்தத் துண்டோடு ஊருக்குப் போனால் திரும்பி வரலாம் என்று ஒருவர் சொன்னார், விடமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். நான் எந்தப் பேச்சை நம்புகிறவள் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். போகவில்லை. செத்தவீட்டை ஃபோனில் பார்த்தேன். அங்கே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கை ஆடியது. பாதி நேரம் பந்தல் தகரம்தான் தெரிந்தது.

மரண அறிவித்தலும் ஃபோனில்தான் வந்தது. அதை என் மனுசன் அச்செடுத்து வந்தார். பல்லரோச் சந்தைப் பக்கம் எங்கள் ஆட்களின் கடைக் கதவில் ஒன்று ஒட்டினோம். கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள் நின்று வாசித்து, "அட, இவற்ற தங்கச்சியெல்லோ போர்கோவில இருக்கிறா" என்று சொல்லி, வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அங்கே முடிந்தது. இங்கே ஒரு தாள் மிஞ்சிக் கிடந்தது.

அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சாவுக் கடதாசி சாமிப்படம் இருக்கிற வீட்டில் கிடந்தால் இன்னொரு சாவைக் கூப்பிடும் என்பார்கள். வாசித்து, கிழித்து, வெளியே போட்டுவிட வேண்டும். அதிலே செத்தவரின் பேர் மட்டுமா இருக்கிறது? 'இன்னாரின் பாசமிகு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் அன்புச் சகோதரரும்' என்று உயிரோடு இருக்கிற எல்லோரையும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பாட்டி வைத்திருப்பார்கள். எங்கள் அம்மாவின் பேர் இருந்தது. என் பேரும் இருந்தது.

அண்ணாவின் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் கிழித்தேன். எங்கே போடுவது? எங்கள் போர்கோ வெக்கியோத் தெருவில் குப்பைத்தொட்டி எந்த நாளும் வழிந்துகொண்டுதான் இருக்கும். காற்றடித்தால் கடதாசியெல்லாம் சந்தைக்குள் பறக்கும். அண்ணாவின் பேர் மீன்கடைத் தண்ணீரில் கிடந்து மிதிபடுமே என்று பயம். சினோரா வீட்டில் கடதாசிக்கென்றே தனிப் பெட்டி. துப்புரவான பெட்டி. அதற்குள் கொண்டுபோய் வைத்தேன். எரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாடகை வீட்டில் புகை மணி அடித்து, மேல்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டால்?

கொஞ்ச நாள் கழித்து, சினோரா கடைக்குப் போன நேரம் ஓவிய அறையைத் துடைக்கப் போனேன். சட்டகத்தில் புதுப் படம். ஒரு பிளம் மரம், வெள்ளைப் பூ, கறுத்த அடிமரம் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. அதற்குக் கீழே நீலக் கிமோனோவில் வழமையான முதுகு. இரண்டு கரையிலும் மேலிருந்து கீழாகச் சிவப்புப் பட்டை, அதிலே கறுப்பு எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. அந்தப் பழைய ஓவியர்களும் அப்படித்தான் கரையில் யப்பான் எழுத்து எழுதுவார்கள். நான் பார்த்தும் பார்க்காமலும் சட்டகத்தின் காலைத் துடைத்தேன். நிமிரும்போது ஒரு 'ழ' என்னைப் பார்த்தது.

தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டேன். மெல்ல மெல்ல வாசித்தேன். நான் எப்போதும் மெதுவாகத்தான் வாசிப்பேன், அன்றைக்கு இன்னும் மெதுவாக. கொம்பு தனியே, அரவு தனியே, ஒரு எழுத்தின் கால் அடுத்த எழுத்தின் தலையில். 'அன்னார்.' 'காலஞ்செ.' 'பாசமி.' கிழித்த தாளின் இடப்பக்கப் பாதியைப் பார்த்துக் கீறியிருக்கிறார், அதனால் எல்லா வசனமும் தொடங்கியது, ஒன்றும் முடியவில்லை. அண்ணாவின் பேரில் முன்பாதி இருந்தது. என் பேர் தப்பிவிட்டது, மற்றப் பாதியோடு போயிருக்க வேண்டும். அம்மாவின் பேர் முழுதாக நின்றது. அம்மா உயிரோடு இருக்கிறா. மரத்தடியில், சிவப்புப் பட்டையில், பூவுக்குப் பக்கத்தில், செத்தவரின் வரிசையில் நிற்கிறா.

சினோரா வந்துவிட்டார். பையை வைக்கவும் இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. அவர் இத்தாலியனில் சொன்னதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"கண்டிட்டியா? உனக்கு ஒரு சந்தோசம் தருவமெண்டு ஒளிச்சு வைச்சிருந்தன். உங்கட எழுத்துத்தானே? பெட்டிக்குள்ள கண்டன். எவ்வளவு வடிவு! கொடி மாதிரிச் சுருண்டு சுருண்டு போகுது."

"சினோரா, இது அண்ணா" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"என்ர அண்ணா. செத்துப்போனாரெண்டு சொன்னனான். இது அவர் செத்த கடதாசி. நீங்களும் சுவரில ஒட்டுறீங்களே, அந்த மாதிரி."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைக் கட்டிப்பிடித்தார். அழுதார், உண்மையாகத்தான் அழுதார், என் தோள் நனைந்தது. பிறகு என்னை விட்டுவிட்டுப் பின்னால் போய், நனைந்த கண்ணோடு தலையைச் சரித்துப் படத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். வாங்கிய மீன் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தால் முகத்தில் ஒன்று வருமே, அது.

"இப்ப இது இன்னும் ஆழமாப் போச்சுது" என்றார்.

பயம் நின்று கோபம் தொடங்கிய இடம் அதுதான்.

"எடுங்கோ" என்றேன். என் இத்தாலியன் வீட்டுவேலை இத்தாலியன். கறையை எடு, தூசை எடு, குளியலறை வெள்ளைப் படிவை எடு. அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது. "இதை எடுங்கோ, சினோரா. அம்மாவின்ர பேர் கிடக்கு. அம்மா இருக்கிறா."

அவர் என்னைக் கதிரையில் இருத்திப் புத்தகத்தை விரித்தார். அந்தப் பெரிய ஓவியர்களும் இப்படித்தான் செய்தார்களாம். யப்பான் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கரையில் கீறினார்களாம். "அவைக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அன்பாலதான் செய்தவை. மரியாதை, விளங்குதா?"

விளங்கியது. அந்தக் கரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதும் விளங்கியது. கடை விளம்பரமோ, சத்திரத்தின் பேரோ, யாருடைய தாயின் பேரோ. அந்த ஓவியர்களின் வீடுகளில் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி நிலம் துடைத்திருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் அவளையும் கதிரையில் இருத்தி, அன்பு என்றால் என்ன என்று படிப்பித்திருப்பார்கள்.

நான் திரும்பவும் "எடுங்கோ" என்றேன். அப்போது சினோரா கொஞ்சம் குரல் மாறி, "நீதானே எறிஞ்சனீ?" என்றார்.

அதற்கு மறுமொழி வீட்டுக்கு நடந்து வரும்போது, துறைமுகத் தெருவில் வாகனங்களுக்கு நடுவில் வந்தது. செத்தவரை நாங்கள் எரிக்கிறோம். எரித்ததுதானே என்று அந்தச் சாம்பலை அள்ளிப் பாத்திரம் மினுக்குவீர்களா, சினோரா? தமிழில் உரத்துச் சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் என் மனுசன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கொண்ணை உயிரோட இருக்கேக்க அந்த ஆளை ஒருத்தரும் படம் கீறேல்லை" என்றார். "இப்ப பலெர்மோவில கீறிப்போட்டினம். குடுத்து வைச்ச மனுசன்."

"பகிடி விடாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

"பின்னை என்ன செய்யச் சொல்லுறீர்? கொஸ்தூராவில புது வேலை ஒப்பந்தம் கேட்டு நிக்கிறாங்கள். உம்மட சினோரா கையெழுத்து வைச்சாத்தான் உமக்கு அட்டை. வாயை மூடிக்கொண்டு இரும்." கொஸ்தூரா என்றால் இந்தப் பெர்மெஸ்ஸோ எல்லாம் கொடுக்கிற பொலிஸ் தலைமையகம்.

"அம்மான்ர பேரும் கிடக்கு."

கத்தி நின்றது. "மாமியின்ர பேருமோ?"

"ஓம். முழுசா."

அவர் வெட்டின வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினார். "அது பிழைதான்" என்றார். பிறகு, "எண்டாலும் வாயை மூடிக்கொண்டு இரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைத்தேன். அம்மா இருமினா. தடிமன் பிள்ளை, வேற ஒண்டுமில்லை என்றா. இந்த வயதில் ஒருவருக்குத் தடிமன் வராதா? வரும். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது என் கண்ணுக்கு முன்னால் சிவப்புப் பட்டைதான் வந்தது. "கடதாசியெல்லாம் கிழிச்சு எறிஞ்சிட்டியோ? வைச்சிருக்காத" என்று அம்மாவே கேட்டா. "ஓம் அம்மா, அப்பவே" என்றேன். அந்தப் பொய்க்கும் சேர்த்து எனக்குச் சினோரா மேல்தான் ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் போனேன். சமைத்தேன், மினுக்கினேன். அந்த அறைக்குள் போகும்போது படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்தேன். ஒப்பந்தத் தாளைச் சினோராவின் மேசையில் வைத்திருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றார். படத்தைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. முடிந்துபோன விசயம் என்று அவர் நினைத்திருப்பார்.

ஒரு பின்னேரம் படம் வாங்க ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கலியாணம், புது வீட்டுப் படுக்கையறைக்குப் படம் வேண்டுமாம். நான் கோப்பித் தட்டோடு போகும்போது மூன்று பேரும் பிளம் மரத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"கட்டிலுக்கு மேல சரியா வரும், மம்மா" என்றாள் மகள். "இதில என்ன எழுதியிருக்கு?"

சினோரா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கீழைத்தேசத்துப் பழைய காதல் கவிதை. ஒருத்தி மரத்துக்குக் கீழ நிண்டு, வரவேண்டிய ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இல்லையா, காரா? இவவின்ர மொழிதான்."

காரா என்றால் அன்பானவளே என்று அர்த்தம். தான் சொன்ன பொய்க்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். தலையை ஆட்டினால் போதும். தலையை ஆட்டுவதுதான் இத்தனை வருடம் நான் இந்த நாட்டில் செய்து வந்த வேலை. தட்டிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. கரண்டியை எடுக்கக் குனியவில்லை.

"இல்லை" என்றேன். "கவிதை இல்லை. செத்த ஆளின்ர கடதாசி. உங்கட தேவாலயச் சுவரில ஒட்டுறீங்களே, கறுத்தக் கரை போட்டு, அதுதான். செத்தது என்ர அண்ணா. கீழ இருக்கிற பேர் என்ர அம்மா. அவ இருக்கிறா."

தாய்க்காரி ஒரு அடி பின்னால் போனார். கைப்பைக்குள் கையை விட்டுத் திறப்புக் கோர்வையை இறுக்கிப் பிடித்தார். இரும்பைத் தொட்டால் சாவு கிட்ட வராது என்பது இந்த ஊரவர்களின் நம்பிக்கை. "கட்டிலுக்கு மேலயா?" என்றார். "கலியாணக் கட்டிலுக்கு மேலயா? மாதோன்னா!"

மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். "எழுத்தை எடுத்துப்போட்டா வாங்கலாம், மம்மா" என்றாள்.

தாய் திறப்பை விடாமல், மற்றக் கையை என் பக்கம் நீட்டி, என் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார். செத்த வீட்டில் இவர்கள் சொல்கிற ஒற்றைச் சொல்லை, கலக்கமில்லாமல். சினோரா கட்டிப்பிடித்து அழுதாரே தவிர அந்தச் சொல்லை எனக்குச் சொன்னதில்லை. கோப்பி குடிக்காமல் அவர்கள் போய்விட்டார்கள். வெளிக்கதவு சாத்துப்பட்டது.

"என்னை வெட்கப்படுத்திப்போட்டாய்" என்றார் சினோரா.

"ஏன் பொய் சொன்னீங்கள்?"

"அது பொய் இல்லை. ஓவியத்தில அப்பிடித்தான். எழுத்து எண்டா எனக்கு ஒரு கோடு, ஒரு வளைவு, அவ்வளவுதான். உன்னை என்ர வீட்டு ஆள் மாதிரி வைச்சிருந்தன். இந்தப் படத்தில உன்ர துக்கத்துக்கு ஒரு இடம் தந்தன்!"

"நான் இடம் கேக்கேல்லை. எடுங்கோ எண்டுதான் கேட்டனான்."

அவருடைய கழுத்துச் சிவந்துவிட்டது. மேசையில் இருந்த பொன்நிறச் சாயத்தைத் திறந்து, ஒரு தட்டைத் தூரிகையை அதற்குள் குத்தி என் கையில் திணித்தார். "என்ர வேலையை என்ர கையால நான் அழிக்க மாட்டன். உனக்கு வேணுமெண்டா நீ அழி."

நான் அழிக்க மாட்டேன் என்று நினைத்துத்தான் தந்திருப்பார். ஒப்பந்தத் தாள் அந்த மேசையிலேயே, சாயக் குப்பிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது, கையெழுத்து இல்லாமல். இதை எழுதுகிற இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது. வைப்பாரா மாட்டாரா தெரியாது.

அம்மாவின் பேரில் தொடங்கினேன். சாயம் தேன் மாதிரித் தடிப்பு, ஒரு இழுவையில் மூடாது. கீழிருந்து மேலே, ஒரு பட்டை முடிய மற்றதில் போனேன். அம்மா மறைந்தா. 'பாசமி' மறைந்தது. 'காலஞ்செ' மறைந்தது. மறைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வாசித்தேன், வாசிக்காமல் ஒரு எழுத்தையும் மூடவில்லை. இந்த ஊரில் அண்ணாவுக்கு நான் செய்த கிரியை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினோரா பின்னால் கதிரையில் இருந்து சிகரெட் பிடித்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. சிவப்புப் பட்டை பொன்னாக மாறி மாறி மேலே ஏறியது.

உச்சியில் ஒன்றுதான் மிச்சம். அண்ணாவின் பேரின் முதல் எழுத்து.

"அதை விடு" என்றார் சினோரா. குரல் தணிந்திருந்தது, கெஞ்சுகிற மாதிரி. "அந்த ஒண்டை மட்டும் விடு. அந்த வளைவு இல்லாட்டிப் படம் ஒரு பக்கம் சாயுது, பார்."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், சாயத்தான் செய்தது.

"சாயட்டும்" என்றேன், தமிழில். தூரிகையைத் திரும்பவும் குப்பிக்குள் தோய்த்து, கால் விரலில் எம்பி நின்று, அந்த எழுத்தின் மேல் இரண்டு தரம் பூசினேன்.